நேரசூசியில் இல்லாத நேரம்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் எங்கள் பாடசாலை அலுவலகத்தின் வாயிற்படி ஓய்வதில்லை. வட்டக்கச்சியிலிருந்தும் உருத்திரபுரத்திலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் பெற்றோர் வருவர். வயலிலிருந்து நேரே புறப்பட்டு வந்தமையால் காலிற் சேறு காயாதவரும் அவர்களுள் இருப்பர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு வந்த தந்தை ஒருவர், கதிரையில் அமராது நின்றபடியே என்னிடம் கேட்டார்: "பெடியனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது, சேர். இனிப் பயமில்லைத்தானே?"

"பயமில்லை, அண்ணை" என்று சொல்லி அனுப்பினேன். மகிழ்ச்சியோடு வந்த மனிதருக்கு வேறு எதைச் சொல்வது? ஆயினும், அன்று நான் சொன்ன விடை அரை உண்மையே என்பதை அடுத்த ஆண்டில் அவருடைய மகனே எனக்கு உணர்த்தினான். அவரிடம் சொல்லாது விட்ட மறுபாதியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பல்கலைக்கழகத்தினுள் நுழைவது எத்துணை அரிது என்பதை நம்மவர் நன்கு அறிவர். இசட் புள்ளி என்றால் யாது, மாவட்டத்திற்கு எத்தனை இடம் என்பவற்றை வயல் வரம்பிலே நின்று கணக்கிட்டுச் சொல்லவல்ல தாய்மார் எங்கள் கிராமங்களில் உளர். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களில் 40 சதவீதம் வரை அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் வரை மாவட்டங்களின் குடித்தொகைக்கு ஏற்பவும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அப் பதினாறில் அடங்கும். இவ்வளவையும் நாம் அறிவோம். ஆனால் நுழைந்தபின் அங்கே ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது, ஒரு மாணவனிடம் அங்கு எதிர்பார்க்கப்படுவது யாது என்று கேட்டால், நம் ஊர்களில் விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

அதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகம் என்பது வன்னிக்கு மிகப் பிந்தி வந்த விருந்தாளி. 1921ஆம் ஆண்டு கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அங்கு பயின்றவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளையே எழுதினர். 1942இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக அமர, இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1952இல் அது முறைப்படி பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. எனினும், பல்கலைக்கழகக் கலைப் பாடங்களைத் தாய்மொழியிற் கற்கும் வாய்ப்பு 1960இலேதான் கிட்டியது. அதுவரை ஆங்கிலம் அறியாத உழவனின் பிள்ளைக்கு அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அக்காலத்தில் எங்கள் பெரியோர் இரணைமடுவின் கீழே காடு வெட்டிக் கழனி திருத்திக்கொண்டிருந்தனர்.

1974இல் யாழ்ப்பாணத்தில் ஒரு வளாகம் திறக்கப்பட்டு, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் அதன் விவசாய பீடம் கிளிநொச்சியை நோக்கி வந்தது; போர் அதனை யாழ்ப்பாணத்திற்கு அனுப்பி வைத்தது; போர் ஓய்ந்த பின்னரே அது திரும்பி வந்து அறிவியல் நகரில் நிலைகொண்டது. இன்று பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கே அதற்கு அயலாக உள்ளன. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக முளைத்தது 1997இல் வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாம் நாள் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இவ்வாறு கட்டடங்கள் நம் அயலுக்கு வந்துவிட்டன. ஏ9 வீதியிற் பேருந்திற் செல்வோர் அவற்றிற்குச் செல்லும் வழியை நாளும் காண்கின்றனர். ஆனால் அக் கட்டடங்களுள் வாழும் முறையைச் சொல்லிக்கொடுக்க வீட்டிலே ஓர் அண்ணனோ மாமனோ இல்லாத பிள்ளைகளே நம்மிடையே இன்னும் மிகப் பலர்.

இனி அந்த மகனின் செய்திக்கு வருகிறேன். அவன் தூரத்துப் பல்கலைக்கழகமொன்றில் விவசாயம் பயிலச் சென்றான். முதலாம் ஆண்டின் முதல் அரையாண்டு முடிந்து பெறுபேறு வந்தபின், ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றான். மூன்று பாடங்களிற் சித்தி இல்லை. திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான். அவன் சோம்பேறி அல்லன். எங்கள் பாடசாலையில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து படித்தவன். ஒரு விரிவுரையையும் தவறவிட்டதில்லை என்றான், கொப்பிகளைக் காட்டினான், அழகான கையெழுத்து. "அப்படியானால் என்ன நடந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னான்: "வகுப்பு முடிஞ்சாப் பிறகு என்ன படிக்கிறதெண்டு தெரியேல்லை, சேர். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

இதைக் கேட்ட பிறகே எனக்கு நோயின் மூலம் விளங்கிற்று. நான் அவனுடைய நேரசூசியை வாங்கி மேசைமீது விரித்தேன். விரிவுரைகளும் செயன்முறை வகுப்புகளுமாக வாரத்திற்கு 22 மணி நேரம். மற்றைய கட்டங்களெல்லாம் வெறுமை. அந்த வெறுமையை அவன் ஓய்வு என்று எண்ணிவிட்டான். அதனை அவனுக்கு விளக்காமல் அனுப்பியவர்களுள் நானும் ஒருவன்.

நேயர்களே, இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது அவசியம். இக்காலத்துப் பல்கலைக்கழகக் கல்வி கிரெடிட் என்னும் அலகினால் அளக்கப்படுகின்றது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவன் ஒருவன் செலவிடவேண்டிய 50 மணி நேர உழைப்பைக் குறிக்கும். ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட். ஆகவே மூன்றாண்டுப் பட்டத்திற்கு 90, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 என்பது பொதுவான அளவு. ஓர் அரையாண்டில் ஏறத்தாழ 15 வாரம் கற்பித்தல் நடைபெறும். கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், வாரமொன்றுக்கு 50 மணி நேரப் படிப்பு அங்கே எதிர்பார்க்கப்படுகின்றது என்பது தெரியவரும்.

ஆனால் கேட்டு எழுதும் விரிவுரையோ ஒரு கிரெடிட்டிற்கு வழக்கமாக 15 மணி நேரமே. முற்றிலும் விரிவுரையால் அமைந்த பாடங்களைப் பயிலும் கலைப்பீட மாணவன் வாரத்திற்கு 15 மணி நேரம் மண்டபத்தில் இருப்பான்; மிச்சம் 35 மணி நேரம் அவன் கையில் விடப்பட்டுள்ளது. செயன்முறை வகுப்புகள் மிகுந்த விவசாயம், விஞ்ஞானம், பொறியியல் போன்றவற்றில் வகுப்பு நேரம் கூடும். அப்போதும் பாதிக்கு மேற்பட்ட நேரம் அட்டவணைக்கு வெளியேதான் கிடக்கின்றது. நம் மாணவனுக்கு அது 28 மணி நேரம்.

பாடசாலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை ஆறு மணி நேரம், ஐந்து நாள், ஆக முப்பது மணி நேரம் பிள்ளை எங்கள் கண்முன்னே இருக்கின்றது. மாலையிலே ரியூஷன். எந்தப் பக்கத்தைப் படிக்கவேண்டும், எந்த வினா வரும், எத்தனை வரியில் விடை எழுதவேண்டும் என்று பிறர் சொல்ல, அவன் செய்கிறான். இதிலே நான் எங்களையே குறை சொல்கிறேன். உயர்தரத்திற்கு அந்த முறை ஓரளவு பலன் தருகின்றது. ஆதலால் நாங்களும் அதனைக் கைவிடத் துணிவதில்லை. ஆனால் அதிலேயே பழகிய பிள்ளையைத் திடீரென்று ஆளில்லாத 28 மணி நேரத்திற்குள் விட்டால், அவன் திகைத்துத்தான் போவான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எங்கள் ஊர் வழக்கிலேதான் சொல்லவேண்டும் என்று, அன்று மாலை நான் அவனுக்கு இவ்வாறு சொன்னேன்: "இரணைமடுவின் துருசு திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் வரும். வாய்க்காலில் வந்த தண்ணீர் தானே வயலுக்குள் ஏறுமா? உன் அப்பா மண்வெட்டியோடு இரவும் பகலும் வரம்பிலே நிற்பது எதற்காக? விரிவுரை என்பது துருசைத் திறப்பது. மடையை வெட்டித் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்புவது உன் வேலை." அவன் சிரித்தான். படலையடிக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தான்.

மண்வெட்டி பிடிக்கும் வேலை என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டுமன்றோ? விரிவுரையாளர் ஒரு மணி நேரத்தில் ஒரு பொருளின் எல்லைகளை மட்டுமே காட்டமுடியும். வாசிக்கவேண்டிய நூல்களின் பட்டியலை அவர் தொடக்கத்திலேயே தருவார்; அது அலங்காரத்திற்காகத் தரப்படுவதன்று. அன்று கேட்டதை அன்றிரவே ஒருமுறை தன் சொற்களால் எழுதிப் பார்த்தல். விளங்காத இடத்தில் ஒரு கேள்வியைக் குறித்தல். நூலகத்திற்குச் சென்று அதே பொருளை இரண்டு ஆசிரியர்கள் எவ்வாறு கூறுகின்றனர் என்று பார்த்தல். இருவரும் வேறுபட்டால் ஏன் வேறுபடுகின்றனர் என்று ஆராய்தல். பின்னும் தெளியாவிடின் விரிவுரையாளரின் அறைக்கதவைத் தட்டிக் கேட்டல். இந்தக் கடைசிக் காரியத்திற்கே நம் பிள்ளைகள் பெரிதும் அஞ்சுகின்றனர். ஆசிரியரை வினவுதல் மரியாதைக் குறைவு என்று நாம்தான் பழக்கிவிட்டோம் போலும். உண்மையில், வினவ வராத மாணவனையே அங்குள்ளோர் அக்கறையற்றவன் என்று எண்ணுகின்றனர்.

நூலிலே ஒரு நூல் முழுவதையும் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிவரை படித்தாக வேண்டும் என்பதில்லை. பொருளடக்கத்தையும் பின்னுள்ள சொல்லடைவையும் பயன்படுத்தி, வேண்டிய பத்துப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. அதைப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்பிப்பதில்லை, கற்பிக்கத் தொடங்கவேண்டும்.

இவற்றைப் பிறருக்குச் சொல்லும் நானும் ஒருகாலத்தில் இடறி விழுந்தவனே. கலைமாணிப் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில் முதல் ஒப்படையை மிகக் கவனமாக எழுதிக் கையளித்தேன். விரிவுரையில் எழுதிய குறிப்பை அப்படியே, ஒரு சொல்லும் பிசகாமல் எழுதியிருந்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்திலே புள்ளி இல்லை, "இது நான் சொன்னது. நீர் என்ன சொல்கிறீர்?" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்வதற்கு ஏதேனும் இருக்கலாம் என்று அதுவரை எவரும் என்னிடம் கூறியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இலச்சினையிலுள்ள வாசகம் திருக்குறளிலிருந்து எடுக்கப்பட்டது. ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளாது அதன் உண்மையைக் கண்டறிவதே அறிவு என்பது அதன் கருத்து. அந்தக் குறளைப் பள்ளியில் மனனம் செய்து ஒப்புவித்துப் பரிசு பெற்றவன் நான். அதன் பொருள் என்மேல் வந்து விழுந்தது அந்தத் தாளின் ஓரத்திலேதான். இக்காலத்தில் கணினியே கட்டுரை எழுதித் தந்துவிடுகின்றது என்கிறார்கள். அப்படி எழுதி வாங்கிக் கொடுப்பவனுக்கும் அதே கேள்விதான் காத்திருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலைத்துறைப் பாடங்கள் சிலவற்றைத் தவிர்த்தால், மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம் ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழிலே உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதல் மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் நாற்பது சொற்களுக்கு அகராதி பார்க்க நேரிடும். ஆனால் ஒரு துறையின் கலைச்சொற்கள் எல்லையற்றவை அல்ல. திரும்பத் திரும்ப வருபவை. முதலிரு மாதங்கள் பொறுமையோடு எழுதிவைத்துப் படித்தவனுக்கு மூன்றாம் மாதத்தில் அந்த நாற்பது பத்தாகக் குறையும். கைவிட்டு ஓடுகின்றவர்கள் அநேகமாக இரண்டாம் மாதத்திலேதான் ஓடுகின்றனர். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே கிடக்கும் நீண்ட மாதங்களை இதற்குப் பயன்படுத்துக என்று நான் இப்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லி வருகிறேன்.

எல்லாக் குற்றத்தையும் பிள்ளையின் பழக்கத்தின்மேல் சுமத்துவதும் நீதியன்று. 1981 முதல் மகாபொல உதவி உண்டு. வறியோருக்கு வேறு உதவுதொகையும் உண்டு. அவை வந்து சேருமுன் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் வந்து நிற்கும். பின்னேரங்களில் ரியூஷன் சொல்லிக்கொடுத்து வீட்டிற்கும் பணம் அனுப்பும் மாணவர்களை நான் அறிவேன். அந்த 28 மணி நேரத்திலிருந்துதான் அவர்கள் அதனைக் கிள்ளி எடுக்கின்றனர். பகிடிவதை என்னும் கொடுமையும் அந்த நேரத்தைத்தான் தின்கின்றது. 1998ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அஞ்சி ஒடுங்காது முறைப்பாடு செய்தல் வேண்டும் என்பதற்கு மேல் அதைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆயின், அந்த நேரமெல்லாம் புத்தகத்தோடு மட்டுமே கழியவேண்டுமா? அன்று. அங்குள்ள வாழ்க்கையின் ஒரு பகுதி நூலகத்திற்கும் வெளியே நிகழ்கின்றது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தாமே நாடகம் எழுதி மாணவரை நடிக்கச் செய்தார். அவர் வழியில் வந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் "கர்ணன் போர்", 1964இல் "இராவணேசன்" ஆகிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கிராமத்துக் களரியில் விடியவிடிய ஆடப்பட்டு, படித்தோரால் மதிக்கப்படாதிருந்த கூத்து, பல்கலைக்கழக மேடையில் ஏறியது. அதனை ஆடியவர்களுள் மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து சென்ற மாணவர்களும் இருந்தனர். ஊரிலிருந்து தாம் கொண்டு சென்ற ஒன்று, வெட்கப்படுவதற்குரியதன்று, ஆராய்வதற்குரியது என்பதை அவர்கள் அந்த மாலை நேர ஒத்திகைகளிலே கற்றனர். அந்த ஒத்திகைகள் எந்த நேரசூசியிலும் குறிக்கப்பட்டவையல்ல. வித்தியானந்தனே பின்னர் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அமர்ந்தார்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இது மிக வேண்டிய செய்தி. முல்லைத்தீவிலே கோவலன் கூத்து ஆடப்படுகின்றது. வவுனியாவிலே சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, மேற்குளத்தின் மிகைநீர் கீழ்க்குளத்தைச் சேருமாறு அமைந்துள்ளன. கிளிநொச்சியிலே சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கமக்காரர் கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றனர். இவை ஒவ்வொன்றும் ஒரு துறையின் வினா. நம் பிள்ளையோ தன் வீட்டுப் படலையிலேயே இவற்றை விட்டுவிட்டு, வெறுங்கையோடு பல்கலைக்கழகம் போகிறான்.

அந்த மகன் திரும்பிச் சென்றான். தவறிய பாடங்களை மறுமுறை எழுதினான். பெரும்பாலான பீடங்களில் மறுமுறை எழுதுபவனுக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு மேல் கணக்கிற் சேராது. ஆகையால் முதல் வகுப்புச் சித்தி அவனுக்கு எட்டாமற் போயிற்று. முதல் அரையாண்டின் விலை அது. அவன் புறப்படுமுன் நாங்கள் இருவரும் அமர்ந்து, அந்த வெற்றுக் கட்டங்களிலே பென்சிலால் எழுதினோம்: இங்கே நூலகம், இங்கே ஆங்கிலம், இங்கே நண்பரோடு கலந்துரையாடல், இங்கே விளையாட்டு, ஞாயிறு மாலை ஒன்றுமில்லை. அந்தத் தாளை மூன்றாம் ஆண்டு வரை வைத்திருந்ததாகப் பின்னர் சொன்னான்.

நான்காம் ஆண்டின் ஆய்வுக்கு அவன் தெரிந்துகொண்ட பொருள், வாய்க்காலில் விடப்படும் நீரில் எவ்வளவு வயலை அடையுமுன் மண்ணிற் கசிந்து வீணாகின்றது என்பது. அளவெடுத்தது தன் ஊரின் வாய்க்காலிலேயே. ஒரு காலைப்பொழுதில் அவ்வழியாகச் சென்றபோது கண்டேன். அவன் தண்ணீரில் முழங்காலளவு நின்று அளவுகோலைப் பார்த்து எண்களைச் சொல்ல, தந்தையார் வரம்பில் குந்தியிருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "எங்கடை வாய்க்காலிலை படிக்கிறதுக்கு என்ன கிடக்கு, சேர்?" என்று கேட்டார். நான் விடை சொல்லத் தொடங்குமுன்னே மகன் அடுத்த எண்ணைச் சொன்னான். அவர் குனிந்து எழுதினார்.